யாருக்குப் பசி

பெரியவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்டால் அந்த வீட்டில் ஆளுக்கொரு பதில் வரும். அவள் புருஷன் பஸ் டிப்போவில் நேரக்காப்பாளர். "கண்ணுக்குத் தெரியாத மாட்டுக்குத் தீனி வைக்கிறா" என்பார். அவருடைய தம்பி, இளையவன், பைக் மெக்கானிக். "அண்ணி லேப்ல இருக்காங்க" என்பதோடு நிறுத்திக்கொள்வான். தம்பி பெண்டாட்டி சின்னவள் மட்டும் ஒருநாள் பொறுமையாக உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப நீங்க தினம் கேன்சருக்குச் சாப்பாடு போடுறீங்களாக்கா?" என்றாள். பெரியவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அந்த வேலையை அதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் தனிக் கட்டடம், மூன்றாவது மாடி. அறைக்குள் நுழையுமுன் செருப்பை மாற்றி, கோட்டு மாட்டி, கையை முழங்கை வரை கழுவி, உறை போட்டு, உறைமேல் ஸ்பிரிட் தெளிக்க வேண்டும். உள்ளே பீரோ உயரத்துக்கு ஒரு சூட்டுப் பெட்டி. எப்போதும் மனித உடம்பின் சூடு, அரை டிகிரி கூடாது, குறையாது. தூங்குகிற குழந்தையின் கழுத்தோரம் குனிந்தால் ஒரு ஈரச் சூடு முகத்தில் படுமே, பெட்டியின் கதவைத் திறந்தால் அதுதான் படும். தட்டுகளும் தட்டைக் குடுவைகளும் அடுக்கடுக்காக இருக்கும். ஒவ்வொன்றிலும் ரோஜா நிறத்தில் ஊட்டநீர். அதற்கடியில் ஒட்டிக்கொண்டு செல்கள். அவை சாப்பிடச் சாப்பிட நீர் மஞ்சளாகும். மஞ்சளானால் பசி. பழையதை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை ஓரமாக, மெதுவாக, செல்கள் கலையாமல் ஊற்ற வேண்டும். பெரியவளுக்கு அதில் நல்ல கை.

குடுவைகளில் பெரும்பாலானவை ஒரே ஆளிடமிருந்து வந்தவை. நான்கு வயதுப் பெண் குழந்தை. பெரியவள் பிறப்பதற்கு முன்பே எங்கோ ஒரு தேசத்தில் எடுத்தது. நரம்பாக வளர வேண்டிய செல்கள் பாதி வழியில் வளர மறந்து, பெருகுவதை மட்டும் கற்றுக்கொண்ட நோய். குழந்தை போய்ச் சேர்ந்துவிட்டது. எடுத்தது போகவில்லை. கைமாறிக் கைமாறி, உறைந்து உருகி, இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் பெரியவள் ஆய்வகத்துத் தலைவியிடம் கேட்டாள். "இந்தப் பொண்ணு இருந்திருந்தா இப்ப எத்தனை வயசு மேடம்?"

"உன்னைவிட மூத்தவளா இருப்பா" என்றாள் தலைவி. "அதெல்லாம் யோசிக்காதே. யோசிச்சா இந்தப் பெட்டியைத் திறக்கக் கை வராது."

அந்த ஆய்வகம் ஐந்து வருஷமாக ஒரே ஒரு நொதியின் பின்னால் அலைந்துகொண்டிருந்தது. செல் பெருக வேண்டுமென்றால் செரீன் என்று ஒரு சத்து வேண்டும். நாம் சாப்பிடுகிற முட்டையிலும் பாலிலும் பருப்பிலும் அது இருக்கிறது. மற்ற செல்கள் வெளியில் கிடைப்பதை வைத்துப் பெரும்பாலும் காலத்தை ஓட்டும். இந்த நோய்ச் செல்களில் சில அப்படியில்லை. அவற்றுக்குள் ஒரு நொதி அளவுக்கு மீறிப் பெருகிக் கிடக்கும். வெளியில் செரீன் ஒரு துளி இல்லாவிட்டாலும், சர்க்கரையை எடுத்து உள்ளேயே செரீனாகச் சமைத்துக்கொள்ளும். அந்த நொதியை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. பெரியவளுக்கு இதெல்லாம் படித்துத் தெரிந்ததில்லை. தட்டு தட்டாகப் பார்த்துத் தெரிந்தது.

சின்னவளின் மகளை வீட்டில் பட்டாணி என்றுதான் கூப்பிடுவார்கள். பிறந்தபோது அப்படி ஒரு உருண்டை. அவளுக்கு நான்கு வயது முடிகிற சமயத்தில் கண்ணைச் சுற்றிக் கருத்துப்போனது. மையைக் கரைத்து வட்டம் போட்டதுபோல் இரண்டு கண்ணுக்கும். பள்ளிக்கூடத்து டீச்சர் சின்னவளைத் தனியாகக் கூப்பிட்டு, "வீட்டுல யாராவது அடிக்கிறாங்களா?" என்று கேட்டுவிட்டாள். சின்னவள் அழுதுகொண்டே வந்தாள். இளையவன் டீச்சரை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவதாகக் கிளம்பினான். பெரியவள் மட்டும் குழந்தையின் முகத்தைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். ஆய்வகத்துச் சுவரில் ஒரு படம் ஒட்டியிருக்கும். அதில் இருக்கிற, இந்த நோய் வந்த குழந்தைக்கும் இதே கண்.

மறுவாரம் குளிப்பாட்டும்போது வலது விலாவுக்குக் கீழே சின்னவளின் கைக்குக் கல்போல ஒன்று தட்டுப்பட்டது.

ஆஸ்பத்திரியில் ஊசி செலுத்தித் துணுக்கு எடுத்தார்கள். பெற்றவர்கள் இருவரும், அங்கே நீட்டிய தாள்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டார்கள். அதில் ஒன்று, மிஞ்சுகிற துணுக்கை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளச் சம்மதம். இரண்டு நாள் கழித்துப் பனிக்கட்டிப் பெட்டி ஒன்று மூன்றாவது மாடிக்கு வந்தது. உள்ளே சிறு குப்பி. பெயர் கிடையாது. ஒரு எண், பெண், நான்கு வயது, வலது பக்கம்.

பெரியவள் அந்தக் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். யாருடையது என்று தெரிந்தால் உடனே சொல்லிவிட வேண்டும் என்பது அங்கே விதி. சொன்னால் வேறு ஆள் கைக்குப் போய்விடும். வேறு ஆள் அவசரத்தில் ஊற்றுவான், கலைப்பான். அவள் சொல்லவில்லை. துணுக்கைப் பொடிப்பொடியாக அரிந்து, தட்டில் விதைத்து, எண்ணை மட்டும் எழுதிப் பெட்டிக்குள் வைத்தாள்.

புதிதாக வருகிறவை பெரும்பாலும் ஒரு வாரம்கூடத் தாங்காது. இது மூன்றாம் நாளே அடியில் ஒட்டிக்கொண்டது. முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக. பிறகு ஒன்றையொன்று தேடிப்போய்க் கும்பல் கட்டின. ராத்திரி ரோஜா நிறத்தில் விட்டுப்போன தட்டு காலையில் மஞ்சளாக இருந்தது. பழைய குடுவைகள் இரண்டு நாளில் தின்பதை இது ஒரே நாளில் தின்றது.

வீட்டில் பட்டாணி இளைத்துக்கொண்டே போனாள். அதே நோய்தான் என்று உறுதியாகி, முதல் சுற்று மருந்து ஏற்றி முடிந்திருந்தது. வாந்தி வரும், வாய்ப்புண் வரும், இளைக்கத்தான் செய்வாள் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். மாடியில் சின்னவள் குடும்பத்துக்குத் தனி அடுப்பு. பெரியவள் விடிந்ததும் கிளம்பி இருட்டுகிற நேரத்தில் திரும்புவாள். வந்ததும் மாடிக்குப் போய் ஒரு பார்வை பார்ப்பாள். குழந்தை சுருண்டு கிடக்கும். ஒவ்வொரு தடவையும் பெரியவளுக்கு வேண்டாத ஒரு நினைப்பு வரும். அங்கே அது சாப்பிட்ட அளவுக்கு இங்கே இது குறைந்திருக்கிறது. தலையை உதறிக்கொண்டு கீழே இறங்கிவிடுவாள்.

அந்த மாதம் மூடுபனி இறங்கியது. காலை பத்து மணி வரை எதிர்வீடு தெரியாது. சத்தம் மட்டும் வரும், ஆள் தெரியமாட்டான். அப்படி ஒரு சனிக்கிழமைக் காலையில், சின்னவள் துணி அலசிக்கொண்டிருக்க, பெரியவள் மாடியில் குழந்தையின் படுக்கையை உதறிப்போட்டாள். தலையணை உறையைக் கழற்றியபோது உள்ளேயிருந்து ரொட்டித் துண்டுகள் பொலபொலவென்று விழுந்தன. காய்ந்து பலகையாகிப் போனவை. ஒன்றிரண்டில் பூசணம்.

பட்டாணி சுவரோரமாக ஒதுங்கி உட்கார்ந்திருந்தாள். தலையில் முடி இல்லை. கருவளையத்துக்கு நடுவில் கண் மட்டும் பெரிதாக இருந்தது.

"இதெல்லாம் நீ வச்சதாடா?"

"ம்."

"பசிச்சா அம்மாகிட்ட கேக்க வேண்டியதுதானே தங்கம்."

"எனக்கில்ல பெரிம்மா." குழந்தை சட்டையைத் தூக்கி விலாவுக்குக் கீழே ஒரு விரலை வைத்தாள். "இதுக்கு."

பெரியவளுக்கு முதுகுத்தண்டில் ஈரத் துணியை வைத்ததுபோல் இருந்தது. "அது உங்கிட்ட கேட்டுச்சா?"

"பால் வேணும்னு கேக்கும். அப்புறம் முட்டை. நான் கேக்கலை, அதுதான் கேக்குதுன்னு அப்பா சொன்னாங்க. குடுத்தா பெரிசாயிடும். குடுக்கலைன்னா அழுவுது. அழுதா இதைக் கொஞ்சம் குடுப்பேன். அப்பாகிட்ட சொல்லாதீங்க."

குழந்தை இதைச் சொன்ன தினுசில் பயமே இல்லை. வீட்டில் புதிதாக வந்து தங்கியிருக்கிற ஒருத்தரைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னாள்.

துணி அலசுகிற இடத்தில் சின்னவளைப் பிடித்தாள் பெரியவள். "மூணு வேளைக்கும் பிள்ளைக்கு என்னடி குடுக்கிற? பொய் சொல்லாம சொல்லு."

சின்னவள் கையிலிருந்த துணியை வாளியில் போட்டுவிட்டு நிமிராமலேயே நின்றாள். "கீரை வெந்த தண்ணி. வெள்ளரிக்காய். காலையில ஒரு துண்டு ரொட்டி."

"எத்தனை நாளா?"

"மூணு வாரம் இருக்கும். ஒர்க் ஷாப்புக்கு வந்த யாரோ ஒருத்தர் புத்தகம் குடுத்திருக்காரு. நோயைப் பட்டினி போட்டா தானே செத்துடும்னு. இவருக்கு அதுதான் இப்ப வேதம். பால், முட்டை, பழம், இனிப்பு, எதுவும் கூடாது. நான் ஒருநாள் ஒளிச்சு முட்டை குடுத்தேன். பாத்துட்டாரு. அடிக்கலை, திட்டலை. உக்காந்து அழுதாருக்கா. என் பிள்ளையை நீயே கொன்னுடாதேன்னு அழுதாரு. அதுக்கப்புறம் எனக்குக் கை வரலை."

"ஆஸ்பத்திரியில எடை பாக்குறாங்களே, ஒண்ணும் கேக்கலையா?"

"வாந்தின்னு சொல்லச் சொன்னாரு."

ஒர்க் ஷாப் இரண்டு தெரு தள்ளி. பனியில் பைக்குகள் வரிசையாகப் போர்வை போர்த்தியவை மாதிரி நின்றன. இளையவன் ஒரு கார்புரேட்டரைக் கழற்றித் துணியில் பரப்பி வைத்திருந்தான். அவனும் இளைத்திருந்ததைப் பெரியவள் அப்போதுதான் கவனித்தாள். பிள்ளை தின்னாததை அவனும் தின்பதில்லை போல.

"தம்பி, நீங்க பண்றது சரியில்லை" என்றாள் எடுத்த எடுப்பில்.

அவனுக்குப் புரிந்துவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டான். "பெட்ரோலை அடைச்சா வண்டி எத்தனை தூரம் போகும் அண்ணி? சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்?"

"அது வண்டி இல்லை. பிள்ளை."

"பிள்ளையை யாரு பட்டினி போட்டா? அதுக்குள்ள இருக்கிறதைத்தான் போடுறேன்."

"ரெண்டும் ஒரே வயிறுதானே."

"அதான் கஷ்டம்." அவன் குரலைத் தாழ்த்தினான். "உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. ஒருநாள் சாயங்காலம் பால் கேட்டா. நான் இந்தப் பக்கம் திரும்பி உக்காந்திருந்தேன். குரல் அவளோடது இல்லை அண்ணி. வேற மாதிரி, அடித்தொண்டையில. திரும்பிப் பாக்குறேன், கண்ணு ரெண்டும் குழிக்குள்ள இருந்து என்னையே பாக்குது. பெத்தவன் நான், என் பிள்ளை குரல் எனக்குத் தெரியாதா? அவ கேக்கலை. அதுதான் கேக்குது. பாலுக்காக அவ வாயை இரவல் வாங்கிப் பேசுது."

பசியில் காய்ந்த தொண்டை அப்படித்தான் பேசும் என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் அவளுக்கே அந்தத் தட்டின் மஞ்சள் நினைவுக்கு வந்துவிட்டது. தினமும் காலையில் கண்ணாடிக்குப் பின்னால் எதுவோ கையேந்தி நிற்பதுபோல் அவளும் உணர்ந்திருக்கிறாள். இவனைப் பைத்தியம் என்று சொன்னால் தன்னையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

கழற்றிப் போட்டிருந்த கார்புரேட்டருக்கு எதிரில் உட்கார்ந்தாள். "பட்டினி போட்டா அது என்ன பண்ணும்னு நீங்க புத்தகத்துல படிச்சீங்க. நான் கண்ணால பாக்குறேன். திங்கக்கிழமை என்கூட வாங்க. பாத்துட்டு என்ன தோணுதோ பண்ணுங்க. அதுவரைக்கும் பிள்ளைக்குப் பால் குடுங்க."

"வர்றேன்" என்றான். "பால் தரமாட்டேன்."

அந்த இரண்டு நாளும் பெரியவள் மாடிக்கும் கீழுக்குமாக ஏறி இறங்கினாள். அவன் மாடி வாசற்படியிலேயே காவலாக உட்கார்ந்திருந்தான். ஒருதடவை அவள் புருஷன் தம்பியிடம் சத்தம் போடப் போனார். போனவர், தம்பியின் முகத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

திங்கட்கிழமை ஆய்வகத்துத் தலைவி வந்து பையை வைக்குமுன்பே பெரியவள் எதிரில் போய் நின்றாள். எல்லாவற்றையும் சொன்னாள். எண்ணிட்ட தட்டு யாருடையது என்பதையும் சேர்த்து.

தலைவி உட்காரவில்லை. "வந்த அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும் மேடம்."

"தெரிஞ்சே தினம் அதைத் தொட்டிருக்கே. வீட்டுக்குப் போய் அந்தக் குழந்தையையும் தொட்டிருக்கே." அவள் கோபத்தில் கத்துகிறவள் இல்லை. குரல் இன்னும் மெதுவாகத்தான் ஆகும். "இனிமே அந்தத் தட்டு உன் கைக்கு வரக் கூடாது. இதுக்கு நான் எழுத்துல பதில் கேப்பேன், நீயும் எழுதிக் குடுக்கணும். அது தனி." ஜன்னல் பக்கம் பார்த்தாள். "அந்த மனுஷனைக் கூட்டிட்டு வா. அவர் பிள்ளையோடதைக் காட்ட மாட்டேன். அதை எந்த அப்பனும் பாக்க வேண்டியதில்லை. வேற காட்டுறேன்."

இளையவன் நகத்துக்குள் இருந்த கிரீஸைத் தேய்த்துத் தேய்த்து விரல்நுனியெல்லாம் சிவந்துபோய் வந்தான். அவனுக்குப் போட்ட வெள்ளைக் கோட்டு தோளில் இறுக்கியது. சூட்டுப் பெட்டியின் கதவைத் திறந்தபோது அந்தக் காற்று முகத்தில் பட்டு ஒரு அடி பின்னால் வைத்தான்.

"மனுஷன் மூச்சு விடுறாப்புல இருக்கு" என்றான்.

தலைவி மூன்று தட்டுகளை எடுத்து வைத்தாள். "மூணுலயும் ஒரே நாள்ல ஒரே அளவு செல் போட்டோம். இது முழுச் சாப்பாடு. பாருங்க."

அவன் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தான். முதலில் தன் இமைமுடிதான் தெரிந்தது. பெரியவள் திருகித் தெளிவாக்கினாள். குவியல் குவியலாக, இடம் போதாமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மினுமினுவென்று கிடந்தன.

"இது ரெண்டாவது. இதுல செரீன்னு ஒரு சத்தைச் சுத்தமா எடுத்துட்டோம். நீங்க முட்டையையும் பாலையும் நிறுத்தினீங்க இல்லையா, அந்த மாதிரின்னு வச்சுக்குங்க."

அவன் பார்த்தான். நிமிர்ந்து, முதல் தட்டைப் பார்த்தான். மறுபடி குனிந்தான். "ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு."

"கொஞ்சம் குறைவு. அவ்வளவுதான்."

"சாப்பாடு இல்லாம எப்படி?"

"உள்ளேயே சமைச்சுக்குது. அதுக்கு ஒரு நொதி இருக்கு. வெளியில கிடைக்கலைன்னா அது இன்னும் வேகமா வேலை செய்யும். சர்க்கரையை எடுத்து, வேண்டியதைப் பண்ணிக்கும்."

"அப்ப சர்க்கரையையும் நிறுத்திடணும்."

தலைவி நாற்காலியை இழுத்து அவனுக்கு எதிரில் உட்கார்ந்தாள். "நீங்க நிறுத்தினாலும் உடம்பு நிறுத்தாது. ரத்தத்துல சர்க்கரை குறைஞ்சா மூளை நின்னுடும்னு உடம்புக்குத் தெரியும். அதனால தன் சதையைக் கரைச்சுச் சர்க்கரை பண்ணும். தொடைச் சதை, கைச் சதை, இதயத்துச் சதைகூட. அந்தச் சர்க்கரை ரத்தத்துல போகும்போது கட்டிதான் முந்திக்கிட்டு எடுத்துக்கும். மூணு வாரமா அது பட்டினி கிடக்கலைங்க. உங்க பொண்ணைச் சாப்பிட்டிருக்கு."

அவன் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். பிள்ளையைத் தூக்கும்போது கனம் குறைந்துகொண்டே வந்தது அந்தக் கைக்குத்தான் தெரியும்.

"மூணாவது?" என்றான்.

"அதுல சத்தும் இல்லை. நொதியையும் ஒரு மருந்து போட்டு நிறுத்தியிருக்கோம்."

அவன் குனிந்தான். அங்கே கூட்டம் இல்லை. ஒன்று இங்கே, ஒன்று அங்கே, அசையாமல் கிடந்தன. அவன் முகத்தில் மூன்று வாரத்தில் முதல்தடவையாக ஒரு வெளிச்சம் வந்தது. "இதைக் குடுங்க. இந்த மருந்தைக் குடுங்க மேடம். கால்ல வேணா விழறேன்."

"இது மனுஷனுக்குக் குடுக்கிற நிலைக்கு வரலை. இன்னொண்ணும் இருக்கு. பொய் சொல்லி அனுப்ப எனக்கு இஷ்டமில்லை. இது சாகலை."

"அசையாம கிடக்கே."

"பெருகாம கிடக்கு. உங்க பொண்ணுக்கு ஏத்துற மருந்து, பெருகுற செல்லைத்தான் தேடிக் கொல்லும். இப்படிச் சுருண்டு கிடக்கிறதை விட்டுட்டுப் போயிடுது. ஒரு தட்டுல அந்த மருந்தை ஊத்திப் பாத்தோம். ஓடிக்கிட்டிருந்ததெல்லாம் செத்துது. தூங்கினது பிழைச்சுக்கிச்சு. மறுபடி சாப்பாடு வச்சதும் எழுந்துடுச்சு. இதுக்கு வழி தெரியுற வரைக்கும் இந்த மருந்து இந்த அறையைத் தாண்டாது."

அவன் மறுபடி கண்ணாடியில் கண்ணை வைத்தான். இந்தத் தடவை எடுக்கவே இல்லை. பெரியவள் அவன் தோளைத் தொடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, குனிந்தபடியே கேட்டான்.

"அண்ணி, இது யாரோட பிள்ளை?"

பெரியவள் தலைவியைப் பார்த்தாள். தலைவி தலையசைத்தாள்.

"நாலு வயசுப் பொண்ணு. நான் பிறக்கிறதுக்கு முன்னாடி எடுத்தது."

"அந்தப் பொண்ணு?"

தலைவி முதல் இரண்டு தட்டுகளையும் எடுத்துப் பெட்டிக்குள் வைத்தாள். அவனும் திரும்பக் கேட்கவில்லை. மெதுவாக நிமிர்ந்து, கோட்டைக் கழற்றி, மடித்து, நாற்காலியின்மேல் வைத்தான். மடித்ததை எடுத்து மறுபடி உதறி மடித்தான். பிறகு படியிறங்கி, நேராகக் குழந்தை வார்டு டாக்டரின் அறைக்குப் போனான். அங்கே அவன் வாங்கிய ஏச்சு வராந்தா முழுக்கக் கேட்டது. தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். இத்தனை நாள் பட்டினி கிடந்த உடம்புக்கு ஒரேயடியாகப் போட்டால் அதுவே ஆளைச் சாய்த்துவிடும் என்று சொல்லி, குழந்தையை அன்றைக்கே கொண்டுவரச் சொன்னார்கள். ரத்தம் பார்த்தார்கள். எவ்வளவு, எத்தனை மணிக்கு ஒருதரம் என்று தாளில் எழுதிக் கொடுத்தார்கள். முதல் வேளைக்கு அரை முட்டை, கால் டம்ளர் பால்.

வார்டில் பனி ஜன்னலை அடைத்துக்கொண்டிருந்தது. பெரியவள் முட்டையை உரித்துத் தட்டில் வைத்தாள். சின்னவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, நடக்கிறதை நம்பாமல் புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் முட்டையைப் பிட்டு மகளின் வாய்க்கருகில் கொண்டுபோனான்.

பட்டாணி உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"சாப்பிடும்மா."

தலையை ஆட்டினாள். "அது சாப்பிட்டுடும்பா."

அவன் கை நடுவில் நின்றது. சின்னவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குழந்தை தகப்பனுக்கு நினைவுபடுத்துகிற மாதிரி, மெதுவாக, பொறுமையாகச் சொன்னாள். "குடுத்தா பெரிசாயிடும். நீங்கதான் சொன்னீங்க."

"அப்பா தெரியாம சொல்லிட்டேன்."

"அது கேக்குதுப்பா. இப்பகூட கேக்குது."

இளையவன் பெரியவளைப் பார்த்தான். சொல்ல வேண்டியவன் அவன்தான். அவன் முட்டையைத் தட்டில் வைத்துவிட்டுக் குனிந்து, தன் காதைக் குழந்தையின் விலாவுக்குக் கீழே, அந்த இடத்தில் வைத்தான். வெகுநேரம் வைத்திருந்தான். வயிறு கடமுடவென்றது.

"அது இல்லை" என்றான். "இது உன் வயிறு. நீதான் கேக்குறே."

"நானா?"

"நீதான். அதுக்குத் தானே சமைச்சுக்கத் தெரியும். அதுக்கு நாம ஒண்ணும் குடுக்க வேண்டியதில்லை. பசி உன்னோடது. பால் கேட்டதும் நீதான். அப்பாவுக்குத்தான் காது கேக்கலை."

குழந்தை தன் வயிற்றைத் தானே குனிந்து பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள். ஒரு விள்ளல் முட்டையை மென்று விழுங்க எவ்வளவு நேரம் ஆகும் என்று அந்த நால்வரில் யாரிடம் கேட்டாலும் அரைநாள் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

மூன்று வாரத்தில் இறங்கிய எடை ஏற இரண்டு மாதம் ஆனது. அதற்காக மருந்துச் சுற்று ஒன்றைத் தள்ளிப்போட்டார்கள். அந்த இடைவெளியில் கட்டி கொஞ்சம் வளர்ந்தது. அதை யாரும் இளையவனிடம் சொல்லிக்காட்டவில்லை. அவனுக்குத் தெரியும். பிறகு ஐந்து சுற்று, ஒரு பெரிய அறுவை, கதிர் வைத்தியம், எலும்பு மஜ்ஜை வைத்தியம். இரண்டு தடவை கூப்பிட்டு, மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு தடவையும் பிள்ளை மீண்டு வந்தாள்.

இதற்கிடையில் தலைவி பெற்றவர்களைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள். துணுக்கு வளர்கிறது, வேண்டாம் என்றால் இன்றைக்கே அழித்துவிடலாம், அதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு என்றாள். இளையவன் பெண்டாட்டியைப் பார்த்தான். சின்னவள் நிறைய யோசித்த மாதிரி தெரியவில்லை.

"இருக்கட்டும். இன்னொரு பிள்ளைக்கு ஆகும்னா இருக்கட்டும். ஆனா அக்கா கையால அதுக்குச் சாப்பாடு போட வேண்டாம்." பெரியவள் பக்கம் திரும்பினாள். "கோபம் இல்லைக்கா. அந்தக் கையாலதான் இவளுக்கும் ஊட்டுறீங்க."

எழுத்தில் பதில் கொடுத்த பிறகு பெரியவளுக்கு ஆறு மாதம் கண்ணாடிச் சாமான் கழுவுகிற வேலைதான் கிடைத்தது. பிறகு பெட்டிக்குத் திரும்பினாள். எண்ணிட்ட குடுவைகள் வேறு அடுக்கில், வேறு ஆள் பொறுப்பில் இருந்தன. இப்போது அவை பத்துப் பன்னிரண்டாகிவிட்டன. சில வேறு ஊர்களுக்கும் போய்விட்டன. கதவைத் திறந்தால் அந்தப் பக்கம் பார்க்காமல் தன்னுடையதை எடுத்துக்கொண்டு மூடிவிடுவாள். மஞ்சளாகிக் கிடந்தால் மட்டும், பார்க்காமலே எப்படியோ தெரிந்துவிடும். அந்த ஆளைக் கூப்பிட்டு, "அங்க கொஞ்சம் பாருங்க" என்பாள்.

பட்டாணிக்கு இப்போது ஒன்பது வயது. ஒரு காது சரியாகக் கேட்காது, மருந்தின் மிச்சம். வருஷத்துக்கு இரண்டுமுறை ஸ்கேன் எடுக்கிறார்கள். அந்த வாரம் வீட்டில் யாரும் யாரிடமும் அதிகம் பேசுவதில்லை. மற்றபடி அவள் சாப்பாட்டில் கெட்டிக்காரி, பந்தியில் உட்கார்ந்தால் அப்பனுக்கும் சேர்த்துச் சாப்பிடுவாள் என்று பெரியப்பா கேலி செய்வார்.

இளையவனுக்குத்தான் ஒரு பழக்கம் போகவே இல்லை. மகள் சாப்பிட உட்கார்ந்தால், கையில் என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்துகொள்வான். ஒவ்வொரு கவளமும் வாய்க்குள் போய், தொண்டை ஏறி இறங்குவதைக் கண்கொட்டாமல் பார்ப்பான். பேசமாட்டான். கவளம் இறங்குகிற வழியில் அவன் பார்வையும் கூடவே இறங்கும். விலா வரைக்கும் வந்து, அங்கே நிற்கும்.

போன வாரம் கீழ்வீட்டில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பட்டாணி கையை நிறுத்தினாள்.

"அப்பா, அந்தப் பக்கம் பாருங்க."

"ஏம்மா?"

"நீங்க பாத்தா, யாரு சாப்பிடுறாங்கன்னு எனக்கே சந்தேகமா இருக்கு."

அவன் எழுந்து, நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான். பெரியவள் பாத்திரத்தை வைத்துவிட்டுத் திரும்பியபோது அவன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். முதுகு விறைத்திருந்தது. பின்னால் மகள் மெல்லுகிற சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.